முத்திரை உடையாத சங்கிலி

பாரூக் நாநாவின் இரும்புக் கடையில் ட்ரெய்லருக்குப் பூட்டும் சங்கிலிகள் இரண்டு வகையாக இருந்தன. ஒரு வகை கறுப்பு, நல்ல கனம், எண்ணெய் மணத்துடன் மூலையில் சுருண்டு கிடந்தது. மற்ற வகை வெள்ளி போல் மின்னியது. உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் உறைக்குள், வாய்ப்பக்கம் சிவப்பு முத்திரை ஒட்டப்பட்டு, சுவரில் தனி ஆணியில் தொங்கியது.

“எது வேணும் ஸுலைஹா?” என்று கேட்டார் பாரூக் நாநா. “இழுக்கியதுக்கா, காட்டியதுக்கா?”

ஸுலைஹா கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் கல்யாண வீடுகளுக்குச் சமைத்துக் கொடுப்பவள். ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடும் சஹன் சோறுதான் அவளுடைய தொழில். பெரிய சட்டிகளையும் சஹன் தட்டுகளையும் கொண்டுபோக ஒரு சிறிய ட்ரெய்லர் வைத்திருந்தாள். தம்பி ஹில்மி வேன் ஓட்டுவான். வேனின் பின்கொக்கியில் ட்ரெய்லரின் கழுத்தைப் பொருத்தி ஓர் இரும்பு ஆணியைச் செருகினால் அது பேசாமல் பின்னால் வந்துவிடும். அந்த ஆணி கழன்றாலும் ட்ரெய்லர் ஓடிவிடாதபடி சங்கிலி வேண்டும் என்று இப்போது சட்டம் வந்திருந்தது. நல்ல சட்டம்தான் என்று ஸுலைஹாவும் நினைத்தாள்.

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் நாநா?”

பாரூக் நாநா கறுப்புச் சங்கிலியைத் தூக்கி மேசையில் போட்டார். மேசை முனகியது. “இதுல ரெண்டு துண்டு போடணும். வேனுக்கும் ட்ரெய்லருக்கும் நடுவுல, கீழால, குறுக்கும் மறுக்குமா. ஆணி கழண்டா ட்ரெய்லர்ட கழுத்து றோட்டுல குத்தாம இந்தத் தொட்டில்ல விழும். றோட்டுல உரசவும் படாது, வளைவுல இழுபடவும் படாது. அந்த நீளம் பாத்து வெட்டித் தருவேன். திருகாணி வெச்ச வளையத்தால பூட்டிட்டா கழண்டு போகாது.”

“அப்ப அது?”

“அது அதிகார சபை அங்கீகரிச்சது.”

“அத எப்பிடிப் பூட்டிய?”

“அதப் பூட்டேலா. பூட்டணும்டா உறையப் பிரிக்கணும். பிரிச்சா முத்திரை ஒடஞ்சிரும். முத்திரை ஒடஞ்சா அங்கீகாரம் போயிரும்.” பாரூக் நாநாவின் முகத்தில் சிரிப்பு இல்லை. இந்த விளக்கத்தைப் பலருக்குச் சொல்லி அவருக்கு அலுத்திருந்தது. “ரெண்டையும் வாங்கிட்டுப் போகலாமேண்டு கேக்கப் போற. ஏலா. அங்கீகாரம் இல்லாத சங்கிலி பூட்டியீந்தா வேனையே புடிச்சிருவாங்க.”

கல்யாண மண்டபக்காரர்கள் சங்கிலிக்கு அதிகார சபையின் அத்தாட்சி கேட்டார்கள். அத்தாட்சி இல்லாத சமையல்காரர்களை வாசலுக்குள் விடக் கூடாது என்று அவர்களுக்கும் கடிதம் வந்திருந்தது. ஸுலைஹா கறுப்புச் சங்கிலியைக் கையால் தொட்டுப் பார்த்தாள். பிறகு சுவரைக் காட்டினாள். எண்ணெய் பட்ட விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டது அவளுக்கு வெகுகாலம் நினைவில் இருக்கப் போகிறது என்று அப்போது தெரியாது.

இழுவைச் சங்கிலி ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் அலுவலகம் கண்டி நகரத்தில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. ‘அறாத சங்கிலி, அயராத சேவை’ என்று வாசலில் எழுதியிருந்தார்கள். சங்கிலியை ட்ரெய்லர் இல்லாமல் கொண்டுவர வேண்டும். கண்டியில் வாகனம் நிறுத்த இடமில்லை என்பதால், ட்ரெய்லர் சம்பந்தப்பட்ட எதையும் அதிகார சபை நேரில் பார்ப்பதில்லை.

உதவிப் பணிப்பாளர் சுதேஷ் உறையோடு சங்கிலியை ஒரு கதிரையில் உட்காரவைத்துப் படம் எடுத்தார். முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. இழுத்துப் பார்க்கும் இயந்திரம் கொழும்பில் இருப்பதால், தேத்தண்ணீர் கொடுப்பவர் ஒரு முனையையும் காவலாளி மறு முனையையும் உறைக்கு மேலாகவே பிடித்து, மென்மையாக இழுத்தார்கள். மென்மை முக்கியம் என்று சுதேஷ் நினைவூட்டினார். முன்பு ஒருமுறை காவலாளி ஆர்வக் கோளாறில் வேகமாக இழுத்துவிட்டாராம். அதைப் பற்றி மேலும் பேச சுதேஷ் விரும்பவில்லை.

“சேர், இத எப்பவுமே பூட்டப்படாதா?” என்று ஸுலைஹா கேட்டாள்.

சுதேஷ் கண்ணாடியைக் கழற்றினார். “மேடம், பாவிக்கிற சங்கிலி தேயுமா தேயாதா?”

“தேயும்.”

“தேஞ்ச சங்கிலி ஆபத்தா இல்லையா?”

“ஆபத்துதான்.”

“அப்ப ஆபத்தே இல்லாத சங்கிலி எது மேடம்?”

ஸுலைஹா உறைக்குள் இருந்த சங்கிலியைப் பார்த்தாள். சுதேஷ் தன் மாணவி தேறிவிட்டாள் என்ற திருப்தியோடு அத்தாட்சியில் கையெழுத்திட்டார். அவளுக்கும் அது ஏதோ சரி போலத்தான் பட்டது. வீட்டில் புதுக் கதிரைகளின் பிளாஸ்டிக் உறையை அவள் இன்னும் கழற்றவில்லை. பாவிக்காமல் காப்பாற்றுவது அவளுக்குப் பழக்கப்பட்ட அன்பு.

ஹந்தானைப் பக்கம் ஒரு கல்யாணம் வந்தது. பகல் சாப்பாட்டுக்குச் சோறு போக வேண்டும். ஏற்றம் தொடங்கும் இடத்தில் ஹில்மி வேனை நிறுத்தினான். இருக்கைக்குக் கீழே கைவிட்டு உறையை எடுத்தான்.

“தாத்தா,” என்றான். அக்காவைத் தாத்தா என்று அழைப்பதுதான் அவர்கள் வீட்டு வழக்கம். “ஏத்தம் மோசம். சட்டியெல்லாம் நெறஞ்சீக்கி. இதப் பூட்டிட்டே போவமே.”

“முத்திரை ஒடஞ்சிரும். அடுத்த கெழம மண்டபத்துல காட்டணும்.”

“ஆணி தேஞ்சீக்கி தாத்தா.”

“இவ்வளவு நாளும் வந்ததுதானே. விடுடா.”

அவன் விட்டுவிட்டான். உறையை மீண்டும் இருக்கைக்குக் கீழே தள்ளினான். இரண்டாவது வளைவைத் தாண்டும்போது பின்னால் ஒரு சத்தம் கேட்டது. வேன் திடீரென்று இலேசாகி முன்னால் பாய்ந்தது. ஸுலைஹா திரும்பிப் பார்த்தபோது ட்ரெய்லர் அவளைப் பார்த்தபடியே பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது. வளைவில் அது சாய்ந்ததும் சஹன் தட்டுகள் ஒவ்வொன்றாக எழுந்து, சக்கரம் போல் உருண்டு, நகரத்தை நோக்கி இறங்கின. சோற்றின் வாசனை தெருவெல்லாம் பரவியது. அந்த வளைவில் அவித்த சோளம் விற்கும் கறுப்பையா, தள்ளுவண்டிக்கும் ட்ரெய்லருக்கும் நடுவில் கிடந்தார்.

அவருடைய கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. உயிருக்கு ஆபத்தில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஸுலைஹா அழவில்லை. அழுவதற்குத் தனக்கு உரிமை இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: யார் ஓட்டினது? ஹில்மி கையைத் தூக்கினான். யார் ‘விடு’ என்று சொன்னது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஹில்மியும் சொல்லவில்லை. அவன் ஒருமுறை அவளைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். கோபமாகப் பார்த்திருந்தால் அவளுக்கு உதவியாக இருந்திருக்கும்.

மறுநாள் சுதேஷ் விசாரணைக்கு வந்தார். ட்ரெய்லரைப் பார்க்கவில்லை. ஆணியைப் பார்க்கவில்லை. வேனுக்குள் முழங்காலில் உட்கார்ந்து இருக்கைக்குக் கீழே டோர்ச் அடித்தார். உறையை இரண்டு கையாலும் ஏந்தி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். முத்திரை அப்படியே இருந்தது. அவர் கண் கலங்கியதுபோல் இருந்தது.

“மேடம், ஒரு கீறல்கூட இல்ல! இவ்வளவு பெரிய விபத்துல!” என்றார். “வேற ஆக்களா இருந்தா ஏத்தத்துல பயந்து இத ஒடச்சிப் பூட்டியிருப்பாங்க. நீங்க நிதானமா இருந்திருக்கீங்க.”

“சேர், அது தம்பி பூட்டுவமேண்டு—”

“தம்பிக்கு அறிவுரை சொல்லுங்க. ஆனா இந்த முறை மன்னிக்கலாம்.”

இரண்டு கிழமை கழித்து ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் கறுப்பையாவின் வீட்டுக்கு ஸுலைஹா சோறு கொண்டுபோனாள். அது முதல் தடவையல்ல. ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வந்த நாளிலிருந்து அவள் போய்க்கொண்டுதான் இருந்தாள். ஒவ்வொரு தடவையும் ஒரு வாக்கியத்தைத் தயார்செய்துகொண்டு படி ஏறுவாள். மேலே போனதும் வாக்கியத்துக்குப் பதிலாகப் பாத்திரத்தை நீட்டுவாள். ஹில்மி தேயிலைச் சரிவுக்குக் கீழே, வேனிலேயே இருப்பான். முதல் நாள் அவன் வந்தபோது கறுப்பையாவின் மனைவி பேச்சியம்மா கதவைச் சாத்திவிட்டாள்.

“வாங்க தங்கச்சி, ஒக்காருங்க,” என்றார் கறுப்பையா. மாவுக்கட்டுப் போட்ட கால் ஒரு ஸ்டூலின் மேல், வீட்டுக்கு வந்த இன்னொரு விருந்தாளி போல் நீட்டிக் கிடந்தது. “இன்னைக்கு என்ன, வட்டிலப்பமும் இருக்கா? இப்படியே கொண்டாந்தீங்கன்னா நான் அடுத்த காலையும் நீட்டிருவேன்.”

“கால ஒடச்சவன் அதுக்கப்புறம் ஒரு எட்டு வந்து பாக்கல,” என்றாள் பேச்சியம்மா. “ஆணியக்கூட பாக்காம வண்டி ஓட்டுறவன் என்னா டிரைவர்? அக்கா சொமந்து சொமந்து வருது, தம்பி கீழ குந்தியிருக்கான்.”

ஸுலைஹா பாத்திரத்தின் மூடியைத் திறந்தாள். திரும்ப மூடினாள்.

கறுப்பையா தலையணைக்கு அடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். அதிகார சபையின் கடிதம். அத்தாட்சி பெற்ற ஒரு ட்ரெய்லர் இயல்பாக இறங்கும் பாதையில் அவர் சோள வண்டியுடன் நின்றது விபத்துக்குக் காரணம் எனத் தெரியவந்துள்ளதாம். இனி அந்த வளைவில் அவர் வியாபாரம் செய்யக் கூடாதாம்.

“அவங்க சொல்றதும் சரிதான் போல தங்கச்சி,” என்றார் கறுப்பையா. “ராவெல்லாம் யோசிச்சேன். நான் ரெண்டடி உள்ள தள்ளி நின்னிருந்தா ட்ரெய்லர் நேரா ரோட்டோரக் கானுக்குள்ள போயிருக்கும். ஒங்க சட்டி பொட்டியெல்லாம் தப்பிச்சிருக்கும். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பசியோட போனாங்களாமே?” அவர் சங்கடத்தோடு சிரித்தார். “ஆனா அந்த வளைவு இல்லாம நான் எங்க தங்கச்சி நிப்பேன்? பஸ்ஸு மெதுவாப் போற எடம் அது ஒண்ணுதான்.”

அன்றைக்கும் அவள் சொல்லவில்லை. அவளுடைய குற்றத்தை வேறொருவர் எடுத்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்காமல் இருக்கிறார் என்பது அவளுக்குத் தாங்கவில்லை. அதைத் திருப்பி வாங்குவதற்காக மறுநாள் மூன்றாம் மாடிக்கு ஏறினாள்.

“கறுப்பையாண்ணன்ல பிழ இல்ல சேர். பிழ என்னுட. அத எந்தக் கவுண்டர்ல சொல்றது?”

சுதேஷ் அவளுக்குக் கதிரை கொடுத்தார். தேத்தண்ணீர் சொன்னார். “மேடம், முறைப்பாடுன்னா ஒராள் இன்னொராள் மேல கொடுக்கணும். தன்மேல தானே முறைப்பாடு கொடுக்க இங்க ஒழுங்கு கெடையாது. அப்படி விட்டா எல்லாரும் வந்துருவாங்க.”

“அவர் எனக்கெதிரா முறைப்பாடு தர மாட்டார். என்னால ஒரு மனுசன்ட கால் முறிஞ்சீக்கி சேர். எனக்குத் தூக்கம் இல்ல.”

“அது குற்றவுணர்ச்சி மேடம்,” என்றார் சுதேஷ் பரிவோடு. “குற்றம் வேற, குற்றவுணர்ச்சி வேற. குற்றத்துக்குத்தான் எங்ககிட்ட பிரிவு இருக்கு. நீங்க தேடித்தேடிப் பாத்தாலும் உங்கமேல குற்றம் வராது. அத்தாட்சி செல்லுபடியா இருக்கற வரைக்கும் உங்களால தப்பு செய்ய முடியாது. ஆசைப்பட்டாலும் முடியாது.”

“அத்தாட்சி இல்லாமப் போனா?”

“ரத்தானா, வழங்குன நாள்ல இருந்தே ரத்து. அன்னைக்கிருந்து நீங்க ஓட்டுனது எல்லாமே சட்டவிரோதம். அப்ப அந்தச் சோளக்காரர்மேல ஒரு பிழையும் சொல்ல ஏலாது. கடிதத்தையும் வாபஸ் வாங்கணும்.” அவர் சிரித்தார். “ஆனா மேடம், அத யார் விரும்புவா?” பிறகு ஒரு நல்ல செய்தி சொல்வதற்காகக் குரலைத் தாழ்த்தினார். “பாதுகாப்பு வார விழாவுல முன்மாதிரி உரிமையாளர் நீங்கதான். தலைவரே கொழும்புல இருந்து வாறார். சங்கிலியக் கட்டாயம் கொண்டு வாங்க.”

விழா நகரத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மேடையின் நடுவில் ஒரு மேசை, அதன்மேல் வெல்வெட் துணி, துணியின்மேல் ஸுலைஹாவின் சங்கிலி. ஹில்மி கடைசி வரிசையில் இருந்தான். வரமாட்டேன் என்றவனை அவள்தான் இழுத்து வந்திருந்தாள்.

அதிகார சபையின் தலைவர் மெதுவாகப் பேசினார். “இந்த ஆண்டு எமது அத்தாட்சி பெற்ற சங்கிலிகளில் ஒன்றுகூட அறவில்லை,” என்றார். கைதட்டினார்கள். “ஒன்றுகூடப் பூட்டப்படவும் இல்லை. இந்த இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று சிலர் விமர்சிக்கிறார்கள். நான் மறுக்கவில்லை. தொடர்பு இருக்கிறது. அந்தத் தொடர்புதான் எமது கொள்கை.” மேலும் கைதட்டினார்கள். “விபத்துகள் நடக்கின்றன. அவை ட்ரெய்லர்களின் விபத்துகள். சங்கிலிகளின் விபத்துகள் அல்ல. ட்ரெய்லர் எமது சபைக்குக் கீழ் வராது. சாலை வராது. சாலையில் நிற்கும் மனிதர்களும் வரமாட்டார்கள். எமக்கு ஒப்படைக்கப்பட்டது சங்கிலி. அதை நாம் காப்பாற்றியிருக்கிறோம்.”

ஸுலைஹாவை மேடைக்கு அழைத்தார்கள். படம் எடுப்பதற்காகச் சங்கிலியை உயர்த்திப் பிடிக்கச் சொன்னார்கள். அவள் பிடித்தாள். சிவப்பு முத்திரையின் ஓரத்தில் நகத்தை விட்டாள். வீட்டில் எந்த உறையையும் அவள் இப்படிப் பிரித்ததில்லை. ஒரே இழுவையில் அது கிழிந்தது.

மண்டபத்தில் யாரோ “ஐயோ” என்றார்கள். சுதேஷ் ஓடிவந்து அவள் காதருகில் குனிந்தார். “மேடம், ஒட்டிரலாம். தலைவர் கெமராவத்தான் பாத்துக்கிட்டு இருக்கார்.”

அவள் சங்கிலியை உறையிலிருந்து முழுதாக வெளியே இழுத்தாள். வெளியே வந்ததும், தன் பாரத்தைத் தானே தாங்க மாட்டாமல், அதன் நடுவில் ஒரு கண்ணி வாய் விரிந்தது. பாதிச் சங்கிலி மேடையில் விழுந்து சத்தமில்லாமல் குவிந்தது. அவ்வளவு இலேசு.

எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். அவர் ஒலிவாங்கியை நெருங்கினார். கலங்கவில்லை. “பார்த்தீர்களா?” என்றார். “முத்திரையை உடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?”

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது.

அத்தாட்சி அன்றைக்கே ரத்தானது. வழங்கிய நாளிலிருந்தே ரத்து. கறுப்பையாவுக்குப் புதிய கடிதம் போனது. சட்டவிரோதமான ட்ரெய்லர் ஒன்றினால் அவர் பாதிக்கப்பட்டிருப்பதாகவும், வளைவில் நிற்பதில் ஆட்சேபனை இல்லை என்றும் அதில் இருந்தது. ஸுலைஹாவுக்கு வந்த கடிதத்தில் அவள் குற்றவாளி என்று எழுதியிருந்தார்கள். குற்றம்: உறையைப் பிரித்தது. அவள் அதை இரண்டு முறை வாசித்தாள். கறுப்பையாவின் கால் அதில் எங்கும் இல்லை. ஹந்தானை ஏற்றமும் இல்லை. கேட்டு வாங்கிய குற்றம் அளவு சரியில்லாத சட்டைபோல் இருந்தது. போட்டுக்கொண்டாலும் உடம்பு குளிர்ந்தது.

அவள் சோறு கட்டிக்கொண்டு மீண்டும் லயத்துப் படிகளில் ஏறினாள். கறுப்பையா ஊன்றுகோலோடு வாசலில் நின்றார். முகம் மலர்ந்திருந்தது.

“வாங்க, வாங்க! மேடையில பெரிய வேல பாத்திட்டீங்களாமே! நமக்காக ஒங்க தொழிலையே கெடுத்துக்கிட்டீங்களே தங்கச்சி. ஏ பேச்சி, தங்கச்சிக்குத் தேத்தண்ணி போடு!”

ஸுலைஹா உட்காரவில்லை. “கறுப்பையாண்ணே, ஒண்டு சொல்லணும்.”

“சொல்லுங்க.”

“அண்டைக்கு ஏத்தத்துக்கு முன்னுக்கு தம்பி வேன நிப்பாட்டினான். ஆணி தேஞ்சீக்கி, சங்கிலியப் பூட்டுவமேண்டான். சங்கிலியக் கையிலயும் எடுத்தான். நான்தான் வேணாமெண்டேன்.”

கறுப்பையா அவளைப் பார்த்தார். “ஏன்?”

“முத்திரை ஒடஞ்சிருமெண்டு.”

அவர் சிரிக்கத் தொடங்கினார். பாதியில் நின்றுவிட்டது. உள்ளே அடுப்படியில் சத்தம் ஓய்ந்தது. பேச்சியம்மா கையில் கோப்பையோடு வாசல்படியில் வந்து நின்றாள்.

“அந்தச் சங்கிலி தாங்கியும் இருக்காது,” என்றாள் ஸுலைஹா. சொன்னதும் தன்மேலேயே அருவருப்பு வந்தது. “தப்பிக்கியதுக்கு அதச் சொல்லல்ல. தாங்காதெண்டு அப்ப எனக்குத் தெரியா. தாங்கும்டு நெனச்சிட்டுத்தான் வேணாமெண்டேன்.”

கறுப்பையா ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு மெல்ல உட்கார்ந்தார். மாவுக்கட்டின்மேல் கையை வைத்துக்கொண்டார். அவள் காத்திருந்தாள். இத்தனை நாளாக யாரிடம் கேட்டும் கிடைக்காதது இவரிடம் கிடைக்கும் என்று தெரிந்தது. பயமாக இருந்தது.

“இம்புட்டு நாளா அந்தத் தம்பி கீழயே குந்தியிருந்திச்சே,” என்றார் அவர். “இவ கதவச் சாத்துனப்பகூட ஒரு வார்த்த சொல்லல.”

“சொல்லல்ல.”

“நீங்களும் சொல்லல.”

ஸுலைஹா தலையை ஆட்டினாள்.

பேச்சியம்மா கோப்பையைக் கீழே வைக்கவுமில்லை, நீட்டவுமில்லை. கறுப்பையா சோற்றுப் பாத்திரத்தைக் கண்ணால் காட்டினார். “அத எடுத்துக்கிட்டுப் போங்க. இனிமே நீங்க வர வேணாம்.” பிறகு, “தம்பிய வரச் சொல்லுங்க,” என்றார்.

அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு இறங்கினாள். தேயிலைச் சரிவின் அடியில் வேன் நின்றது. ஹில்மி கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தவன் பாத்திரத்தின் கனத்தைக் கண்டான்.

“என்ன தாத்தா, சாப்பிடல்லயா?”

“இல்ல. ஒன்ன வரட்டாம்.”

“நாளைக்கா?”

“இப்ப போ.”

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். இறங்கி, சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, படிகளில் ஏறத் தொடங்கினான். மேலே கதவு திறந்தே இருந்தது. ஸுலைஹா சோற்றை மடியில் வைத்துக்கொண்டு, அவன் உள்ளே போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.